தனுஷ்கோடி ரயில் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் போய்வந்தவர்கள் தனுஷ்கோடியில் எடுத்த படங்களைக் காட்டும்போதெல்லாம் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். மணலில் நிற்கும் சில சுவர்களைப் பார்த்துவிட்டு வருவதால் அங்கே என்ன இருந்தது என்பது பிடிபடுவதில்லை. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

தனுஷ்கோடியில நிஜமாவே ரயில்வே ஸ்டேஷன் இருந்துச்சா?

இருந்தது. 1964 டிசம்பர் வரை ரயில் ஓடிக்கொண்டிருந்த நிலையம் அது. பாம்பன் தீவின் தென்கிழக்கு வாலில், வடக்கே பாக் நீரிணைக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய மணல் திட்டில் ஊர் இருந்தது. அந்த ஊரின் நடுநாயகமே ரயிலும் கப்பலும்தான்.

நிலையத்தைச் சுற்றி ரயில்வே ஊழியர் குடியிருப்பு, சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில் என்று ஒரு சிறு நகரத்துக்கு வேண்டிய எல்லாமும் இருந்தன. கூலியாட்கள் மூட்டை தூக்கினார்கள், மீனவர்கள் கருவாடு ஏற்றினார்கள். இன்று வெறும் மணலாகத் தெரிகிற இடம் அப்போது நாள்தோறும் ஆள் நடமாட்டமும் சத்தமுமாக இருந்தது.

அவ்வளவு தூரத்துக்கு எதுக்கு ரயில் போட்டாங்க? கோயிலுக்கா?

கோயிலுக்கு மட்டும் என்றால் ராமேஸ்வரத்தோடு நின்றிருக்கும். தனுஷ்கோடி வரை தண்டவாளம் போட்டது இலங்கைக்காக. எதிர்க்கரையில் உள்ள தலைமன்னாருக்கு இங்கிருந்துதான் தூரம் குறைவு. நிலத்தின் கடைசி முனையான அரிச்சல்முனையிலிருந்து கணக்குப் போட்டால் முப்பது கிலோமீட்டருக்குள்தான் வரும்.

அதற்கு முன்னால் சென்னையிலிருந்து கொழும்பு போக வேண்டுமென்றால் ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து கப்பலில் நெடுநேரம் பயணம் செய்ய வேண்டும். கடலில் அத்தனை நேரம் கிடப்பதைக் குறைக்கத்தான் இந்த வழி. அதற்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்க வேண்டியிருந்தது. தென்னிந்திய ரயில்வே பாம்பன் கால்வாயின் மேல் கட்டிய இரண்டு கிலோமீட்டர் நீளப் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பிய அதே பழைய பாலம்தான்.

போட் மெயில்னா என்ன? ரயிலே கப்பல்ல ஏறிப் போகுமா?

ரயில் கப்பலில் ஏறாது. ஆட்களும் தபால் பைகளும்தான் ஏறும். எழும்பூரில் புறப்படும் ரயில் தனுஷ்கோடியில் கப்பல் துறை வரைக்கும் போய் நிற்கும். இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, பக்கத்திலேயே காத்திருக்கும் நீராவிக் கப்பலில் ஏறலாம். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் தலைமன்னார். அங்கேயும் துறையிலேயே ரயில் நிற்கும். அதில் ஏறினால் மதவாச்சி, அனுராதபுரம் வழியாகக் கொழும்பு கோட்டை.

தபாலையும் ஆளையும் கப்பலோடு கொண்டு சேர்க்கும் ரயில் என்பதால் அதற்குப் போட் மெயில் என்று பெயர். ஆவணங்களில் இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்றும் இருக்கும். நம் ஆட்களின் வாயில் நின்றது போட் மெயில்தான்.

சென்னையில எடுத்த ஒரே டிக்கெட்ல கொழும்பு வரைக்கும் போகலாம்னு சொல்றாங்களே, கட்டுக்கதைதானே?

கட்டுக்கதை இல்லை. ரயில், கப்பல், மறுபடி ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பயணச்சீட்டு கொடுத்தார்கள். இதைச் சொன்னால் பலருக்கு நம்ப முடியவில்லை.

இதில் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிற ஒன்று உண்டு. தனுஷ்கோடியை எல்லோரும் 'கடைசி ஸ்டேஷன்' என்கிறார்கள். வரைபடத்தில் தண்டவாளம் அங்கே முடிவதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பயணச்சீட்டை வைத்திருந்தவருக்குத் தனுஷ்கோடி வழியில் மாறி ஏறும் நடு நிலையம். விழுப்புரத்திலோ திருச்சியிலோ வண்டி மாறுகிற மாதிரி இங்கே கப்பல் மாறினார்கள். இந்த நிலையத்தைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. பின்னால் வரும் சில பதில்களும் இதில்தான் போய் நிற்கும்.

அப்போ கடல் மேலேயே பாலம் போட்டு ரயிலை நேரா கொழும்புக்கு விட்டிருக்கலாமே?

அந்த யோசனை இருந்தது. ராமர் பாலம் என்று நாம் சொல்லும் மணல் திட்டுகளின் வரிசையில் பாலம் கட்டித் தலைமன்னார் வரை தண்டவாளம் போடலாம் என்று ஆங்கிலேயர் காலத்திலேயே பேசினார்கள். செலவு தாங்காது என்று கைவிட்டு, பாம்பனில் மட்டும் பாலம், மீதிக்குக் கப்பல் என்று முடிவெடுத்தார்கள்.

பாலம் வந்திருந்தாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. நம் பக்கம் போட்டது மீட்டர் கேஜ் என்கிற குறுகலான பாதை, இலங்கையின் பிரதான தண்டவாளமோ அகல ரயில் பாதை. ஒரே பெட்டி இரண்டிலும் ஓடாது. எப்படியும் எங்கோ ஓரிடத்தில் இறங்கி மாறத்தான் வேண்டியிருந்திருக்கும்.

ராமேஸ்வரம் தாண்டித்தானே தனுஷ்கோடி ரயில் போயிருக்கும்?

இன்றைய சாலையை வைத்து நினைப்பதால் வரும் குழப்பம் இது. சாலை ராமேஸ்வரம் வழியாகப் போகிறது. ரயில் அப்படிப் போகவில்லை. பாம்பன் அன்று ஒரு ஜங்ஷன். பாலத்தைக் கடந்ததும் அங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று ராமேஸ்வரத்துக்கு, மற்றது தெற்குக் கரையை ஒட்டித் தனுஷ்கோடிக்கு. போட் மெயில் ராமேஸ்வரத்தைத் தொடாமலே போனது. கோயிலுக்குப் போகிறவர்கள் பாம்பனில் இறங்கி வேறு வண்டி பிடித்தார்கள்.

ஒரு விதத்தில் ராமேஸ்வரம்தான் அன்று கிளைப்பாதை. இன்று தலைகீழ்.

யாரெல்லாம் அதுல போனாங்க? பணக்காரங்க மட்டுமா?

வெள்ளைக்கார அதிகாரிகள், வணிகர்கள், கொழும்பில் கடை வைத்திருந்த நம்மூர்க்காரர்கள், சேது தீர்த்தமாட வந்த வடநாட்டு யாத்ரீகர்கள் எல்லோரும் போனார்கள். ஆனால் இந்த வழியை நிறைத்தவர்கள் என்றால் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழைக் குடும்பங்கள்தான். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள்) கூட்டிக்கொண்டு வந்த ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும்.

அவர்கள் நேராகக் கப்பல் ஏற முடியாது. பாலத்துக்கு முன்னால் மண்டபத்தில் இறக்கி, தொற்றுநோய் இல்லை என்று உறுதியாகும் வரை முகாமில் வைப்பார்கள். இன்றும் அந்த ஊருக்கு மண்டபம் கேம்ப் என்றே பெயர், அங்குள்ள ரயில் நிலையத்துக்கும் அதே பெயர். முகாமை விட்டு வந்தவர்கள் சொந்த மண்ணில் கடைசியாகக் கால் வைத்தது தனுஷ்கோடித் துறையில். படங்களில் அந்தச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புயலைவிட முதலில் இவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

1964ல சரியா என்னதான் நடந்துச்சு?

டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வழுத்தம் புயலாக வலுத்து மேற்கே நகர்ந்தது. 22ஆம் தேதி இலங்கையில் வவுனியாவைக் கடந்து, அன்றிரவு பாக் நீரிணைக்குள் வந்து, 22-23 நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. இருபது அடிக்கும் மேலே எழுந்த அலைகள் ஊருக்குள் புகுந்தன. ஊர் நின்ற திட்டு எவ்வளவு ஒடுக்கம் என்று முதல் பதிலில் சொன்னேன். ஓடி ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது.

அங்குள்ளவர்கள் வடக்குப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் தெற்குப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடக்கே அலை அடங்கியிருக்கும், தெற்கே ஆர்ப்பரிக்கும். அன்றிரவு அந்த வேறுபாடே இல்லாமல் போனது. தீவிலும் சுற்று வட்டாரத்திலும் 1,800 பேருக்கு மேல் இறந்ததாக மதிப்பிட்டார்கள்.

அந்த ரயில்? போட் மெயில்தானே கடல்ல போச்சு?

இல்லை, இதைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். கடல் கொண்டுபோனது போட் மெயில் அல்ல. பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய 653ஆம் எண் பாசஞ்சர் அது. ஆறு பெட்டிகள். 22ஆம் தேதி இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து புறப்பட்டது. பயணிகள் 110 பேர், ஊழியர்கள் 5 பேர் என்பது பதிவில் உள்ள கணக்கு. தனுஷ்கோடி நிலையம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தபோது ஒரு பேரலை வண்டியை மொத்தமாக மூடியது.

புயல்னு தெரிஞ்சும் ஏன் வண்டியை விட்டாங்க?

இந்தக் கேள்வியில் உள்ள கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இன்றைய வசதியை வைத்து அன்றைய ஆட்களைக் குற்றம் சாட்டுவதற்கு முன் சிலவற்றை யோசிக்க வேண்டும். புயல் எங்கே எத்தனை மணிக்குக் கரையேறும் என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்துச் சொல்கிற காலம் அது இல்லை. தந்திக் கம்பிகள் காற்றில் அறுந்து விழுந்தால் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் தொடர்பே இல்லை. ஓடும் வண்டியில் இருக்கும் ஓட்டுநருக்குச் சேதி சொல்ல இருந்த வழி, பாதையோரத்துச் சிக்னல் மட்டும்தான்.

தனுஷ்கோடிக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது, காத்துப் பார்த்துவிட்டு ஓட்டுநர் ஊதலை நீளமாக அடித்து வண்டியை எடுத்தார் என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறார்கள். இருபுறமும் கடல் ஏறிவரும்போது கும்மிருட்டில் நிற்பதா, நிலையத்துக்குப் போய்விடுவதா? பின்னால் போவதற்கும் இடமில்லை. அந்த நிமிடத்தில் நானாக இருந்தாலும் நிலையத்தை நோக்கித்தான் போயிருப்பேன்.

வண்டி தொலைந்த சேதியே உடனே வெளியே தெரியவில்லை. மண்டபத்திலிருந்து கிடைத்த தகவலை வைத்து ரயில்வே முறையாக அறிவித்தது 25ஆம் தேதிதான்.

115 பேர்னு சிலர், 200 பேர்னு சிலர். எது சரி?

115 என்பது மேலே சொன்ன 110 பயணிகளையும் 5 ஊழியர்களையும் கூட்டி வரும் எண். பயணச்சீட்டுக் கணக்கிலிருந்து வந்தது. சீட்டு எடுக்காமல் ஏறியவர்கள் அதில் வரமாட்டார்கள். அந்தக் குறுகிய தூர வண்டியில் அப்படி ஏறுகிறவர்கள் இருந்ததால் 200 வரை இருக்கலாம் என்று கருதப்படுகிறது. எழுதுகிறவர்கள் '115க்குக் குறையாமல்' என்று எழுதினால் நன்றாக இருக்கும். பேர் தெரியாமல் போனவர்களையும் அந்த ஒரு சொல் சேர்த்துக்கொள்ளும்.

பாம்பன் பாலமும் அன்னைக்கே போயிடுச்சா?

பெரும்பகுதி போனது. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்கள் நூற்று இருபதுக்கும் மேல் கடலில் விழுந்தன. கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. பாம்பனில் சாலைப் பாலம் வந்தது 1988ல்தான் என்பதால், அன்று தீவுக்கு இருந்த ஒரே வழி இந்த ரயில் பாலம். அது அறுந்தபோது தீவே தனியாகிவிட்டது.

சரிசெய்ய முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பை ஏற்ற 32 வயதுப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். புதிய கர்டர்கள் வரும்வரை காத்திருக்காமல், கடலுக்குள் விழுந்தவற்றைத் தேடித் தூக்கி, மறுபடி தூண்களில் ஏற்றினார்கள். பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பேசப்பட்டவர் இவர்தான். கூடவே நின்று கடலில் மூழ்கித் தேடிய, இரும்பு தூக்கிய தொழிலாளிகளுக்கும் அந்தப் பெயரில் பங்கு உண்டு.

46 நாள்ல பாலத்தையே கட்டினவங்க, தனுஷ்கோடி ஸ்டேஷனை மட்டும் ஏன் விட்டுட்டாங்க?

என்னிடம் கேட்கப்பட்டவற்றில் மிக நல்ல கேள்வி இது. பாலத்துக்குப் பின்னால் ராமேஸ்வரம் இருந்தது, அங்கே மக்கள் காத்திருந்தார்கள். தனுஷ்கோடித் தடத்தின் முடிவிலோ ஊரே மிச்சமில்லை. கப்பல் துறை உடைந்து போயிருந்தது, தண்டவாளம் மணலுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் கிடந்தது. மக்கள் குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

அப்புறம், ஒரே பயணச்சீட்டு பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள். இந்த நிலையம் உயிரோடு இருந்ததே கப்பலுக்காக. கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றிவிட்டால் தனுஷ்கோடிக்கு ரயில் விட ரயில்வேக்கு வேறு காரணம் இருக்கவில்லை. அப்படித்தான் மாற்றினார்கள். போட் மெயிலும் ராமேஸ்வரத்தோடு நின்றது. அலை இடித்தது கட்டடத்தை. நிலையத்தின் வேலையை எடுத்துக்கொண்டது அந்த முடிவு. அது தவறென்று நான் சொல்ல மாட்டேன், அந்த மணலில் மறுபடி குடும்பங்களைக் குடிவைப்பது ஆபத்து. ஆனால் புயல் மட்டுமே காரணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது பாதிக் கதை.

அப்போ புயலுக்குப் பிறகும் இலங்கைக்குக் கப்பல் போச்சா?

போனது. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1980களின் தொடக்கம் வரை ஓடியது. அதில் ஓடிய ராமானுஜம் கப்பல் என்றால் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள் இன்றும் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். இலங்கையில் போர் மூண்டதும் அந்தப் போக்குவரத்து நின்றது.

இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. புயலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அந்த ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கியபோது, அவர்கள் வந்து இறங்கியது ராமேஸ்வரத்தில். பாட்டன் பாட்டி கப்பல் ஏறிய தனுஷ்கோடித் துறை அப்போது இல்லை. மண்டபம் முகாம் மட்டும் இருந்தது. போனபோது தங்கவைத்த அதே ஊரில் வந்தபோதும் தங்கினார்கள்.

இப்ப அங்க போனா ஸ்டேஷன் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரும்பாலானவர்கள் படம் எடுத்துவருவது மாதா கோயிலின் சுவர்களை. பவளக் கற்களால் கட்டிய உயரமான சுவர் என்பதால் கண்ணில் முதலில் படுவது அதுதான். ரயில் நிலையத்தில் மிச்சமிருப்பது அதைவிட எளிமையானது: கூரையில்லாத சில கல் சுவர்த் துண்டுகள். ரயில்வேயின் தண்ணீர்த் தொட்டி நின்ற இடத்திலும் இடிபாடு உண்டு. அங்குள்ள கடைக்காரர்களிடம் கேட்டால் எது எது என்று காட்டுவார்கள்.

முன்பு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தண்ணீரிலுமாக வேனில்தான் போக முடியும். 2017ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். வழியில் உள்ள கோதண்டராமர் கோயில் அந்தப் புயலில் தப்பி நின்றது, அதையும் பாருங்கள். ஒரேயொரு வேண்டுகோள்: சுவர்மேல் ஏறாதீர்கள், கல் பெயர்க்காதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள். உடல் கிடைக்காமல் போனவர்களுக்கு அங்கே வேறு கல்லறை கிடையாது.

பேய் நகரம்னு சொல்றாங்களே, ராத்திரி ரயில் சத்தம் கேக்குமாமே?

அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. கீற்றுக் குடிசைகளில், மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் பாடுபட்டுக்கொண்டு, அதே கடலில் வலை போட்டுப் பிழைக்கிறார்கள். ஆட்கள் வாழும் ஊரைப் பேய் நகரம் என்பது அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. ரயில் சத்தக் கதைகளுக்கும் அதே பதில்தான். அந்த வண்டியில் போனவர்கள் நம்மைப்போன்ற சாதாரண மனிதர்கள்.

மறுபடி தனுஷ்கோடிக்கு ரயில் வருமா?

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் புதிய பாதை போடும் திட்டத்துக்கு 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டினார்கள். பாதை வரவில்லை. இதற்கிடையே 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டு, பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதில் 72 மீட்டர் நீள நடுப்பகுதி மின்தூக்கி மாதிரி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். ரயில் இன்றும் ராமேஸ்வரத்தில்தான் முடிகிறது.

வர வேண்டுமா என்று கேட்டால், சுற்றுலாவுக்காக மட்டும் அந்த மணலில் தண்டவாளம் போடுவதில் எனக்கு விருப்பமில்லை. கடல் இருபுறமும் அரித்துக்கொண்டிருக்கும் திட்டு அது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை, இருக்கும் சுவர்களைக் காப்பாற்றவும் 653ஆம் எண் வண்டியில் போனவர்களின் பெயர்களைக் கல்லில் பொறிக்கவும் செலவழித்தால் போதும்.

அந்தப் பக்கம், தலைமன்னார் ஸ்டேஷன் என்ன ஆச்சு?

அதைக் கேட்கிறவர்கள் குறைவு, கேட்டால் எனக்குச் சந்தோஷம். அங்கே அழித்தது கடல் இல்லை, போர். 1990ல் நின்றுபோன அந்தப் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் மறுபடி அமைத்தது. 2015 மார்ச் 14 அன்று தலைமன்னாரிலிருந்து ரயில் புறப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கியது.

எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் ராமேஸ்வரம் வண்டி ஒன்றுக்கு இன்னும் போட் மெயில் என்றே பெயர். அந்தப் பக்கம் கொழும்பிலிருந்து கிளம்பும் ரயிலும் தலைமன்னார் துறை வரை வந்து திரும்புகிறது.